சிறு குழந்தையுடன் வயலிலும் ஏரிக்கரையிலும் ஒரு நாள்

கோடை விடுமுறையில் நகரத்துக் குடும்பங்கள் பணம் செலுத்திப் பண்ணைச் சுற்றுலாவுக்கு வருகின்றன. வரப்பில் நடக்கின்றனர், கறவை மாட்டைத் தொட்டுப் பார்க்கின்றனர், சேற்றில் இறங்கி நாற்று நடுவது போல் படம் எடுத்துக் கொள்கின்றனர். அதே ஊரில் அரை ஏக்கர் நஞ்சையும் இரண்டு மாடும் உடைய விவசாயியின் நான்கு வயதுக் குழந்தையோ, வீட்டுத் திண்ணையில் கைப்பேசியைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறது. வயலுக்கு வந்தால் வேலை கெடும் என்று தாய் சொல்கிறார். வெயிலில் எதற்கு என்று பாட்டி சொல்கிறார். குழந்தையை வெளியே அழைத்துச் செல்வது என்றால் பேருந்து ஏறிப் பொருட்காட்சிக்கோ கடைவீதிக்கோ போவதுதான் என்ற எண்ணமும் நம்மிடையே இருந்து வருகிறது.

மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளை மனத்தில் கொண்டு இக்கட்டுரை எழுதப்படுகிறது. மாதத்தில் இரண்டு அரை நாட்களை ஒதுக்கக்கூடிய எந்த விவசாயக் குடும்பமும், ஏறத்தாழச் செலவே இல்லாமல், குழந்தையுடன் உலாச் சென்று, அங்கு கிடைத்த பொருளைக் கொண்டு அதன் கையாலேயே ஒன்றைச் செய்ய வைக்க முடியும். ஆனால் வயல் என்பது கிணறும் மருந்தும் பாம்பும் உள்ள இடமும் ஆகும். அதனால் எங்கே போவது, என்ன செய்வது என்பதற்கு முன், எதை அப்புறப்படுத்த வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியுள்ளது.

இந்த வயதில் ஏன்?

ஆறு வயதுக்குள் குழந்தையின் மூளை, வளர்ந்தவர்களின் மூளை அளவில் சுமார் பத்தில் ஒன்பது பங்கை எட்டி விடுகிறது. அந்த வளர்ச்சிக்கு உணவு ஒரு பாதி என்றால், தொட்டும் முகர்ந்தும் கேட்டும் பழகுவதும், பெரியவர்கள் அதனுடன் பேசுவதும் மறு பாதி. உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, மூன்று, நான்கு வயதுக் குழந்தை நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாவது உடலை அசைத்து விளையாட வேண்டும். திரையின் முன் ஒரு மணி நேரத்துக்கு மேல் அமர்ந்திருக்கக் கூடாது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்பது அதே நெறிமுறை. கைப்பேசியைப் பிடுங்கி விட்டால் மட்டும் போதாது. அதன் இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டும். அந்த வேறொன்று வரப்பிலும் ஏரிக்கரையிலும் கிடக்கிறது.

இதைத் தாயின் வேலை என்று ஒதுக்கி விடுதல் சரியன்று. உழவு, நீர்ப்பாசனம், கால்நடை ஆகியவற்றைப் பற்றித் தந்தையும் தாத்தாவும் சொல்லக்கூடியதை வேறு எவரும் சொல்ல முடியாது. ஆண் குழந்தையைத் தோளில் தூக்கிச் சென்று, பெண் குழந்தையை வீட்டில் விட்டு வருவதும் இன்னும் பல ஊர்களில் காணப்படுகிறது. நாளை அந்த நிலத்தில் பாதி வேலையைச் செய்யப் போகிறவள் அவள்தான். அவளையும் அழைத்துச் செல்லுங்கள்.

புறப்படுமுன்

மருந்து தெளித்த வயலுக்குக் குழந்தையை அழைத்துச் செல்லலாகாது. மருந்துக் குப்பியின் சீட்டில் வயலுக்குள் மீண்டும் நுழைய எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும் என்று குறிப்பிட்டிருந்தால், அதற்கு மேலும் சில நாட்கள் தள்ளிப் போடுவதே நலம். பக்கத்து வயலில் தெளிக்கும்போது காற்று நம் பக்கம் வீசினாலும் இதே விதி பொருந்தும். காலி மருந்து டப்பாக்களைத் தண்ணீர் மொள்ளவும், குழந்தை மண் அள்ளி விளையாடவும் கொடுக்கும் பழக்கம் இன்னும் முழுமையாக ஒழியவில்லை. சிவப்பு முக்கோணமிட்ட குப்பியானாலும் பச்சை முக்கோணமிட்ட குப்பியானாலும், எத்தனை முறை கழுவினாலும், அது விளையாட்டுப் பொருள் அன்று. தெளிப்பானில் மருந்து கலக்கும் போதே குப்பியை மூன்று முறை அலசி, அந்த நீரையும் தெளிப்பானிலேயே ஊற்றி, குப்பியில் ஓட்டை போட்டு, குழந்தைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும்.

விதைகளைப் பற்றி ஒரு சொல். கடையில் பொட்டலமாக வாங்கும் மக்காச்சோளம், பருத்தி, காய்கறி விதைகள் பெரும்பாலும் பூசணக்கொல்லியோ பூச்சிக்கொல்லியோ கலந்து விதை நேர்த்தி செய்யப்பட்டவை. எச்சரிக்கைக்காகவே இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என நிறம் ஏற்றப்பட்டிருக்கும். அந்த அழகிய நிறமே குழந்தையைக் கவரும். விதைப்பு முடிந்ததும் மீதியுள்ள பொட்டலத்தைக் கூரைச் செருகலில் விட்டு வைக்காதீர்கள். கீழே சொல்லப்படும் விதை விளையாட்டுகளுக்கு, சமையலுக்கு வைத்துள்ள பயறுகளையே எடுக்க வேண்டும்.

நீர்நிலைகளில் கிணற்றுக்கு நாம் அஞ்சுகிறோம். பண்ணைக் குட்டைக்கு அஞ்சுவதில்லை. நீர் கசியாமல் இருக்க நெகிழித்தாள் விரித்த குட்டையின் சரிவு, பாசி படிந்து வழவழப்பாக இருக்கும். விழுந்தவர் பெரியவரானாலும் பிடிப்பின்றி மேலே ஏற இயலாது. சுற்றிலும் வேலி அமைப்பதுடன், நான்கு பக்கமும் முடிச்சிட்ட கயிற்றைக் கரையில் முளையடித்துக் கட்டி நீருக்குள் தொங்க விட வேண்டும். நீர் இல்லாத ஆழ்துளைக் கிணறு இதனினும் கொடியது. 2019ஆம் ஆண்டு அக்டோபரில் திருச்சி மாவட்டத்தில் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தையைப் பல நாட்கள் போராடியும் உயிருடன் மீட்க முடியவில்லை. உங்கள் நிலத்திலோ அண்டை நிலத்திலோ அப்படி ஒன்று சாக்கு போட்டு மூடிக் கிடந்தால், உலாவைத் தள்ளி வைத்து விட்டு முதலில் அதை மண் நிரப்பி மூடும் வேலையைப் பாருங்கள்.

மற்றவை எளியவை. காலுக்குச் செருப்பு, தலைக்குத் துணி, குடிக்கக் கொதித்து ஆறிய நீர். காலை பத்து மணிக்குள் அல்லது மாலை நான்கு மணிக்கு மேல் செல்க. புல் அடர்ந்த வரப்பில் பெரியவர் கோலைத் தட்டியபடி முன்னே நடக்க, குழந்தை பின்னே வர வேண்டும். நிலக்கடலையை வாயில் போட்டுக் கொண்டு ஓட விடாதீர்கள். மூச்சுக் குழலில் சிக்கும் பொருள்களுள் நிலக்கடலை முதன்மையானது. புளியங்கொட்டை, பயறு போன்றவற்றை மூக்கிலோ காதிலோ திணித்துக் கொண்டால் குச்சியால் நோண்டுவதும் நீர் விடுவதும் கூடாது. விதை ஈரத்தில் ஊறிப் பருத்து விடும். மருத்துவரிடமே செல்ல வேண்டும்.

சொந்த வயலில் முதல் உலா

பெரியவரின் நடையில் பத்து நிமிடத்தில் கடக்கும் வரப்பைக் கடக்கக் குழந்தைக்கு ஒரு மணி நேரம் ஆகும். நண்டு வளையைக் கண்டால் உட்காரும். நத்தையைக் கண்டால் எடுக்கும். வாய்க்காலில் இலையை விட்டு அது போகும் வழியே ஓடும். "வா வா, நேரமாகிறது" என்று கையைப் பிடித்து இழுப்பதாக இருந்தால் அன்று போகாமல் இருப்பதே மேல். களை எடுக்கும் நாள், அறுவடை நாள் ஆகியவற்றை விட்டு, வேலை ஓய்ந்த ஒரு மாலையைத் தேர்ந்தெடுங்கள்.

பாடம் நடத்த வேண்டுவதில்லை. பெயர் சொன்னால் போதும். கோரை, அருகு, கீழாநெல்லி, பொன்னாங்கண்ணி, குப்பைமேனி என்று காலடியில் கிடப்பனவற்றுக்கெல்லாம் நம் மொழியில் பெயர் உண்டு. கொக்கு, மடையான், மைனா, கரிச்சான் என்று உழும்போது பின்னால் வரும் பறவைகளுக்கும் உண்டு. நாள் ஒன்றுக்கு இரண்டு பெயர் கற்றாலும் ஓராண்டில் அக்குழந்தை அறிந்திருக்கும் பெயர்கள், தாவரவியல் படித்த பலருக்கும் தெரியாதவையாக இருக்கும். தெரியாத செடி எதிர்ப்பட்டால் குழந்தையின் முன்னிலையிலேயே தாத்தாவிடமோ பக்கத்து வயல்காரரிடமோ கேளுங்கள். கேட்டுத் தெரிந்து கொள்வது இழிவன்று என்பதையும் அது பார்த்துக் கொள்ளும்.

கையில் ஒரு சிறு ஓலைக் கொட்டான் கொடுங்கள். உதிர்ந்த இறகு, கூழாங்கல், நத்தை ஓடு, வேலங்காய், பஞ்சு என்று அது விரும்பியதைப் பொறுக்கட்டும். வீடு திரும்பியதும் திண்ணையில் கொட்டி, இனம் இனமாகப் பிரிக்கச் சொல்லுங்கள். நிறம் பார்த்துப் பிரிக்கலாம். பெரியது சிறியது என்று பிரிக்கலாம். வழவழப்பு, சொரசொரப்பு என்றும் பிரிக்கலாம். எண்ணும் கணக்கும் இங்கேதான் தொடங்குகின்றன. அங்கன்வாடியில் வண்ண மணிகளை வைத்துச் செய்வதும் இதுவே.

பொறுக்குவதில் சிலவற்றைத் தடுத்தாக வேண்டும். குன்றிமணி, ஆமணக்கு, காட்டாமணக்கு, ஊமத்தை, அரளி ஆகிய ஐந்தும் நச்சு உள்ளவை. மண் பிள்ளையாருக்குக் கண் வைக்கும் குன்றிமணி பார்க்க அழகு. மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. நூலில் கோப்பதற்காகத் துளையிட்டால் ஓடு உடைந்து நச்சு எளிதில் வெளிப்படும். காட்டாமணக்குப் பாலில் ஈர்க்கு வளையத்தைத் தோய்த்துக் குமிழி ஊதுவது பழைய விளையாட்டு. அதற்குச் சோப்பு நீரே போதும். அதன் கொட்டையைத் தின்று வாந்தியும் பேதியுமாகக் குழந்தைகள் மருத்துவமனைக்கு வருவது நம் நாட்டில் அடிக்கடி நடப்பது. எதையேனும் தின்று விட்டதாக ஐயம் எழுந்தால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல், தின்ற காயையோ மருந்துக் குப்பியின் சீட்டையோ கையில் எடுத்துக் கொண்டு, 108 வண்டியை அழைத்து உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எலுமிச்சைப் புழுவை வளர்த்துப் பார்த்தல்

குழந்தையின் மனத்தில் நெடுநாள் நிற்கும் ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள் என்றால், இதைத்தான் சொல்லத் தோன்றும். எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை ஆகியவற்றின் இளந்தளிரை உண்ணும் புழுவை நீங்கள் அறிவீர்கள். சிறு பருவத்தில் பழுப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சம் போலவே இலை மேல் இருக்கும். பறவைகள் தன்னைத் தின்னாமல் இருக்க அது மேற்கொண்ட வேடம் அது. வளர்ந்த பின் பச்சை நிறமாகி இலையோடு இலையாக மறையும். தொட்டால் தலைக்குப் பின்னிருந்து கவைபோல் பிளந்த உறுப்பொன்றை நீட்டி ஒரு வாடையை வீசும். குழந்தைகள் இதைக் கண்டு முதலில் பின்வாங்கிப் பின் மறுபடியும் தொடுவார்கள். அது கடிக்காது.

மருந்து தெளிக்காத செடியிலிருந்து இரண்டு புழுக்களை இலையுடன் கிள்ளி எடுத்து, அகன்ற வாயுடைய ஊறுகாய் பாட்டிலில் இடுங்கள். உள்ளே ஒரு காய்ந்த குச்சியைச் சாய்த்து வையுங்கள். வாயைப் பழைய கொசுவலைத் துணியால் கட்டி, நிழலில் வைக்க வேண்டும். காலைதோறும் பழைய இலையையும் எச்சத்தையும் அகற்றிப் புதிய இலை இடுவது குழந்தையின் பொறுப்பு. இலையில் நீர் சொட்டக் கூடாது. சில நாட்களில் புழு தின்பதை நிறுத்தி, குச்சியில் தன்னை ஒரு நூலால் கட்டிக் கொண்டு கூட்டுப்புழுவாகும். அதன் பிறகு பத்து நாள் அளவில், பெரும்பாலும் காலை வேளையில், கசங்கிய சிறகுடன் வண்ணத்துப்பூச்சி வெளிவரும். சிறகு விரிந்து உலர ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ ஆகும். அதுவரை தொடாமல் இருக்கக் குழந்தைக்குச் சொல்லிப் பழக்குங்கள். பின்பு துணியை அவிழ்த்து விட்டால் அது பறந்து போகும்.

சில சமயம் வண்ணத்துப்பூச்சி வராது. கூட்டுப்புழுவில் ஓட்டை விழுந்து, சிறு குளவிகள் வெளிவரும். குழந்தை அழக்கூடும். அழட்டும், ஆனால் நடந்ததைச் சொல்லுங்கள். புழுவின் உடலில் ஒட்டுண்ணிக் குளவி முட்டையிட்டிருக்கிறது. கரும்புத் தோகையில் நாம் கட்டும் முட்டை ஒட்டுண்ணி அட்டையின் வேலையும் இத்தகையதே. டிரைக்கோகிரம்மா என்ற மிகச் சிறிய குளவி, இடைக்கணுப் புழுவின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதை அழிக்கிறது. வயலில் கண்ட பூச்சியெல்லாம் பகைவன் அல்ல என்பதை ஐந்து வயதில் ஒரு பாட்டிலில் கண்ட குழந்தைக்கு, இருபத்தைந்து வயதில் ஒருங்கிணைந்த பூச்சிக் கட்டுப்பாட்டைப் பற்றி நாங்கள் வந்து கூட்டம் போட்டு விளக்க வேண்டிய பாடு குறையும்.

ஓலையும் களிமண்ணும்

நம் மாநில மரமாகிய பனை ஒன்றே ஒரு விளையாட்டுக் கடைக்கு ஈடு. சாண் நீளமும் இரு விரல் அகலமும் உள்ள ஓலை நறுக்கை எடுத்து, இரு முனைகளையும் எதிரெதிர்ப் பக்கமாகச் சற்று முறுக்கி, நடுவில் கருவேல முள்ளைச் செருகி, முள்ளின் கூரிய முனையைச் சோளத்தட்டையில் குத்தினால் காற்றாடி ஆயிற்று. முள்ளைப் பெரியவர் செருகட்டும். ஓலையை முறுக்குவதைக் குழந்தையிடம் விடுங்கள். சுற்றாவிட்டால் எந்தப் பக்கம் முறுக்கினால் சுற்றும் என்று அதுவே கண்டுபிடிக்கும். கோடையில் நுங்கு தின்ற பின் கூந்தல் இரண்டையும் ஒரு குச்சியால் அச்சாக இணைத்து, கவைக் கம்பால் தள்ளினால் நுங்கு வண்டி. பூவரசம் இலையைச் சுருட்டி ஒரு முனையை நசுக்கினால் பீப்பீ. இவையெல்லாம் நீங்கள் செய்து விளையாடியவைதாம். மறந்திருந்தால் கை நினைவுபடுத்தும்.

களிமண்ணை ஏரியிலிருந்து எடுக்கலாம். கல்லும் வேரும் நீக்கி, ஓர் இரவு ஊற வைத்து, சப்பாத்தி மாவு பதத்தில் பிசைக. வெறும் களியாக இருந்தால் உலரும்போது வெடிக்கும். ஒரு பங்கு நுண்மணல் சேர்த்தால் வெடிப்பு குறையும். செய்த பொம்மைகளை வெயிலில் வைக்காமல் நிழலில் மூன்று நான்கு நாட்கள் உலர்த்த வேண்டும். மாட்டுக்குக் கண் வைக்கக் குன்றிமணிக்குப் பதில் சமையலறைக் கறுப்பு உளுந்தைப் பயன்படுத்துங்கள். முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவ வைக்க வேண்டும்.

இங்கே பெற்றோர் பலரும் செய்யும் ஒரு காரியம் உண்டு. குழந்தை செய்த மாடு பன்றி போல் இருக்கிறது என்று அதைக் கையிலிருந்து வாங்கி, கொம்பும் திமிலுமாகத் திருத்திக் கொடுப்பார்கள். பொம்மை நன்றாக வந்து விடும். குழந்தை எழுந்து போய் விடும். அது மாடு என்று சொன்னால் மாடுதான். "உன் மாடு எவ்வளவு பால் கறக்கும், கண்ணு?" என்று கேளுங்கள், கதை வரும்.

சாயத்துக்குக் கடைக்குப் போக வேண்டாம். மஞ்சள் தூளை நீரில் குழைத்தால் மஞ்சள். செம்மண்ணை வடிகட்டினால் காவி. அடுப்புக் கரியைக் கஞ்சியில் குழைத்தால் கறுப்பு. சங்குப்பூ பத்துப் பதினைந்தைச் சுடுநீரில் இட்டால் நல்ல நீலம் இறங்கும். அதில் எலுமிச்சைச் சாறு நான்கு துளி விட்டால் ஊதாவாக மாறும். வேறொரு கிண்ணத்தில் சோப்பு நீர் விட்டால் பசுமை கலந்து வரும். புளிப்புக்கு ஒரு நிறமும் காரத்துக்கு ஒரு நிறமும் காட்டும் சாயம் அது. மஞ்சளைச் சிவக்க வைக்கச் சுண்ணாம்பைப் பயன்படுத்தாதீர்கள். வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலத்தைப் பிதுக்கும்போது கண்ணில் தெறித்துப் பார்வை கெட்ட குழந்தைகள் உண்டு. மஞ்சள் கறை பட்ட துணியில் சோப்புப் போட்டால் சிவக்கிறதல்லவா? அந்தச் சோப்பு நீரே இதற்கும் போதும். நுனி நசுக்கிய வேப்பங்குச்சி தூரிகை. பழைய நாட்காட்டித் தாளின் பின்புறம் படம் வரையும் தாள்.

முளைப்பாரியும் தட்டைப்பயறும்

மதுரை, இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளில் அம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுவது வழக்கம். இருட்டறையில் வளர்ப்பதால் முளைகள் வெளிர் மஞ்சளாக, உயரமாக இருக்கும். குழந்தையுடன் இதைச் சிறிய அளவில் செய்து பாருங்கள். இரண்டு கொட்டாங்கச்சியில் மக்கிய எருவும் மண்ணும் நிரப்பி, இரவு ஊறிய பாசிப்பயறைத் தூவி, ஒன்றை வெளிச்சத்தில் வையுங்கள். மற்றொன்றை இருட்டறையில் கூடையால் கவிழ்த்து மூடுங்கள். இரண்டுக்கும் ஒரே அளவு நீர் தெளிக்க வேண்டும். ஐந்தாறு நாளில் கூடையைத் திறந்தால் வெளியில் இருப்பது குட்டையாகப் பச்சையாகவும், உள்ளே இருப்பது நெட்டையாக மஞ்சளாகவும் இருக்கும். ஒளி இல்லாமல் பச்சையம் உண்டாகாது. ஒளியைத் தேடித்தான் தண்டு நீள்கிறது. அந்த மஞ்சள் முளையை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தால் ஓரிரு நாளில் பச்சையாகும். நிழல் விழும் வரப்போரத்தில் பயிர் ஏன் நெட்டையாக ஓடிச் சாய்கிறது என்று இனி நீங்கள் விளக்க வேண்டியதில்லை.

கண்ணாடித் தம்ளர் ஒன்றின் உட்புறம் ஈரத்தாளைச் சுருட்டி வைத்து, தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையே தட்டைப்பயறு நான்கைந்தைப் பலவாறு செருகுங்கள். ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக, ஒன்று படுக்கையாக இருக்கட்டும். எப்படி வைத்தாலும் வேர் கீழ்நோக்கியே இறங்கும். தண்டு மேல்நோக்கியே எழும். வேர் விரற்கடை நீளம் ஆன பின் தம்ளரைப் படுக்க வைத்தால் மறுநாள் வேர் வளைந்து மறுபடியும் மண்ணின் திசையைத் தேடும். குழந்தைகள் தம்ளரை மீண்டும் மீண்டும் திருப்பி வைத்துப் பார்ப்பார்கள். தடுக்க வேண்டாம்.

ஏரிக்கரைக்கும் அதற்கப்பாலும்

வயலும் திண்ணையும் பழகிய பின் சற்றுத் தொலைவு செல்லலாம். ஐப்பசி மழைக்குப் பின் நிரம்பிய எந்த ஏரிக்குச் சென்றாலும் பறவைகள் உண்டு. ஆண்டுக்கொரு முறை பேருந்து ஏறுவது என்று முடிவு செய்தால், விவசாயி குடும்பத்துடன் பார்க்கத் தகுந்த இடம் செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல். அங்கு கூடு கட்டும் பறவைகளைக் காத்து வந்தவர்கள் அவ்வூர் உழவர்களே. வெள்ளையர் துப்பாக்கியால் சுடுவதைத் தடுக்க வேண்டும் என்று முறையிட்டு, 1798ஆம் ஆண்டில் மாவட்ட ஆட்சியர் பிளேஸ் என்பவரிடம் எழுத்து மூலமான உறுதியைப் பெற்றனர். பறவைகளின் எச்சம் ஏரி நீரில் கரைந்து தம் நெல்லுக்கு உரமாவதை அவர்கள் கண்டறிந்திருந்தனர். தழைச்சத்தும் மணிச்சத்தும் கடைக்குப் போகாமல் மடை வழியே வயலுக்கு வந்தன. 2022ஆம் ஆண்டில் இவ்வேரி உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

நவம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம். டிசம்பர், ஜனவரி மிகச் சிறந்தவை. மழை பொய்த்த ஆண்டில் பறவைகள் வருவதில்லை. கேட்டறிந்த பின் புறப்படுக. நண்பகலில் போய் விட்டு ஒன்றுமில்லை என்று திரும்புவோர் உண்டு. மாலை நான்கு மணிக்கு மேல் இரை தேடப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாகக் கூட்டுக்குத் திரும்பும்போதே பார்க்க வேண்டும். நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா என்று ஐந்தாறைக் குழந்தை எளிதில் பிரித்தறியும். ஒவ்வொன்றுக்கும் அலகு ஒரு விதம். நத்தைகுத்தியின் அலகு நடுவில் மூடாமல் இடைவெளி விட்டிருக்கும். நம் வயலில் நெல் நாற்றுக்கிடையே நத்தை பொறுக்கும் அதே பறவைதான் இது என்று காட்டுங்கள்.

தெற்கே உள்ளவர்கள் திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்துக்குச் செல்லலாம். வீட்டு முற்றத்து மரங்களில் கூடு கட்டும் நாரைகளை அவ்வூரார் விரட்டுவதில்லை. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியில் பறவைகள் அஞ்சும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்மக்களைக் காணலாம். உங்கள் ஊருக்கு அருகில் எது உள்ளதோ அது போதும்.

நம் முன்னோர் உலாவுக்கென்றே ஒதுக்கிய நாட்கள் இரண்டு. ஒன்று ஆடிப்பெருக்கு, மற்றது காணும் பொங்கல். கட்டுச்சோறுடன் ஆற்றங்கரைக்குப் போவதில் தவறில்லை. ஆனால் ஆடியில் மேட்டூர் அணையிலிருந்து நீர் திறந்திருக்கும் ஆண்டுகளில் காவிரியிலும் கிளை வாய்க்கால்களிலும் நீரோட்டம் வேகமாக இருக்கும். படித்துறையில் குழந்தையின் கையைப் பிடித்திருக்க ஒருவர் தனியாக இருக்க வேண்டும். அவருக்கு அன்று சமையலோ பூசையோ படம் எடுக்கும் வேலையோ கொடுக்கலாகாது.

வாரச் சந்தையும் நல்ல உலாவே. குழந்தையிடம் பத்து ரூபாயைக் கொடுத்து ஒரு கட்டுக் கீரை வாங்கி வரச் சொல்லி, இரண்டடி பின்னால் நில்லுங்கள். தன் வீட்டுக் கத்தரிக்காய் எடை போடப்படுவதை அது பார்க்கட்டும். மாட்டுச் சந்தையில் மட்டும் கையை விட வேண்டாம்.

செய்த பொருள்களை என்ன செய்வது என்று கேட்பீர்கள். காற்றாடியைக் கூரையில் செருகி வைத்தால் ஆடி முழுவதும் சுற்றும். நாட்காட்டித் தாளில் வரைந்ததைக் கஞ்சிப் பசையால் கதவின் பின்புறம் ஒட்டி, தேதியை எழுதி வையுங்கள். களிமண் மாடுகள் மழைக்கு முன் எப்படியும் உடைந்து போகும். ஊற வைத்து மறுபடியும் பிசையலாம். முளைத்த தட்டைப்பயறை வேலியோரம் குழந்தையே ஊன்றட்டும். இரண்டு மாதத்தில் காய் வரும். பாசிப்பயறு முளையை ஆட்டுக்குட்டிக்குக் கொடுக்கலாம்.